முதல் செமஸ்டரில் அழுவதற்கு ஓர் இடம்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் பெண்கள் விடுதி வாசலில் பிளாஸ்டிக் வாளிகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வாளிக்குள் சோப்புப் பெட்டி, துணி துவைக்கும் பிரஷ், கொடிக்கயிறு, கிளிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலே புதுப் பூட்டு ஒன்று. பெரும்பாலும் அப்பாதான் தூக்கி வருவார். அசல் சான்றிதழ்கள் உள்ள பையை மார்போடு அணைத்துக்கொண்டு மகள் பின்னால் வருவாள். அம்மா நேராக அறைக்குள் போய், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு எல்லாரும் என் மேசைக்கு வருவார்கள். நான் முதலாமாண்டு மாணவர்களுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் நடத்துகிறேன். விடுதியின் துணை வார்டன் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் அப்பாவோ மாமாவோ அந்தப் பெண்ணிடம் கேட்டுவிடுவார்: "என்னம்மா, சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்று சொல்லாத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அவள் பொய் சொல்வதில்லை. ஆனால் வேறு பதில் சொல்ல அவளுக்கு அங்கே இடமும் இல்லை. சீட்டு கிடைத்த அன்றே அந்தச் சந்தோஷத்தை வீடும் தெருவும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. கூடவே வந்த இன்னொன்று இருக்கிறது. பயமும் பிரிவும் குற்றவுணர்வும் எரிச்சலும் கலந்து கிடக்கிற ஒரு கலக்கம். அதில் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. அதை அவளேதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

கல்லூரி வாழ்க்கையின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று சிறகு முளைத்த கதையைச் சொல்கிறார்கள், இல்லையென்றால் வீட்டு நினைப்பு, நாலு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டும் ஒரே மனத்தில், ஒரே மணி நேரத்தில் இருக்கும். அவற்றில் ஒன்றை வெளியே காட்டலாம், மற்றதைக் காட்டக் கூடாது என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள் இந்த முடிவை இன்னும் சீக்கிரமாக எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் சேர்ந்தது 2008-இல். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இன்று தென்காசி மாவட்டம், அன்று திருநெல்வேலி மாவட்டம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே வைத்துப் பொறியியல் சேர்க்கை நடத்தத் தொடங்கிய இரண்டாவது ஆண்டு அது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று சுருக்கி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். இன்றும் அதே கணக்குதான். நுழைவுத்தேர்வு இருந்திருந்தால், கோச்சிங் வகுப்பின் வாசலைக்கூடப் பார்த்திராத எனக்குக் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைத்திருக்காது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

கவுன்சலிங் அப்போது நேரில்தான் நடக்கும். 2018-இல்தான் இணையத்துக்கு மாறியது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் மாணவருக்கும் உடன் வருகிற ஒருவருக்கும் பாதிக் கட்டணம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். எண்கள் குறையக் குறைய அப்பாமார்களின் முகம் இறுகும். என் முறை வந்தது. சிவில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். ஒதுக்கீட்டு ஆணையை அப்பா கையில் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் அப்படியே ஊர் வரைக்கும் கொண்டுவந்தார்.

ஊர் கொண்டாடியது. தலைமையாசிரியர் பிரேயரில் சொன்னார். டீக்கடையில் அப்பாவிடம் காசு வாங்க மறுத்தார்கள். தெருவில் அதிகம் பேசியிராத பெரியம்மாக்கள் கூப்பிட்டு நிறுத்தி என் கையில் ஐம்பதும் நூறுமாகத் திணித்தார்கள். "நம்ம ஊர்ப் பிள்ளை" என்றார்கள். இந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அது உண்மையானது, பெரியது. என் சந்தோஷமும் உண்மையானதுதான். நூலகத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், எனக்கே எனக்கென்று ஒரு மேசை இருக்கும், பாலம் எப்படி நிற்கிறது என்று யாராவது சொல்லித் தருவார்கள் என்றெல்லாம் நினைத்து இரவில் தூக்கம் வராமல் கிடந்தேன். ஆனால் அதே இரவுகளில், அதே பாயில், பக்கத்தில் படுத்திருந்த அக்காவை நினைத்தும் தூக்கம் வராமல் கிடந்தேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் என்னைவிடக் கூடுதலாக மதிப்பெண் வாங்கினாள். எங்கள் ஊர்ப் பள்ளி அப்போது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்கப் பஸ் ஏற வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஜூன் மாதம் வந்தது, அக்கா பீடி சுற்ற உட்கார்ந்தாள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் பெண்களின் தொழில். முதல் நாள் இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை இலைமேல் வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை நகத்தால் மடக்கிவிட்டு அடுத்த இலையை எடுத்துவிடுவாள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்பது கணக்கு. நான் பிளஸ் டூ படித்த இரண்டு வருடமும் அந்தக் கை ஓடும் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் படித்தேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைகூட அம்மாவின் பீடி அடையாள அட்டையைக் காட்டித்தான் எனக்கு வந்தது.

கிளம்புவதற்கு முந்தின இரவு என் பெட்டியை அக்காதான் அடுக்கினாள். பருப்புப்பொடி டப்பா, எள்ளுப்பொடி டப்பா, ஒரு கட்டு பேனா, ஊசி நூல். "அக்கா, நீ தனியாக எப்படிச் சமாளிப்பாய்?" என்று கேட்டேன். "ஏட்டி, பேசாமல் போ. இங்கே நான் இருக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வேறு ஏதாவது இருந்ததா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான் சொல்லவருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. படிப்பை நிறுத்தியவள் அவள், படிக்கப் போகிறவள் நான். அவள் சிரித்துக்கொண்டு பெட்டி அடுக்கும்போது நான் அழுதால் அது எவ்வளவு பெரிய நன்றிகெட்டதனம்? பதினேழு வயதில் என் மனம் போட்ட கணக்கு இது. இதே கணக்கை ஒவ்வொரு வருடமும் வேறு வேறு பிள்ளைகள் போடுவதைப் பார்க்கிறேன். ஒருத்திக்கு வயலை ஒத்திக்கு வைத்த அப்பா. இன்னொருத்திக்கு வெளிநாட்டில் டிரைவர் வேலை பார்க்கும் அண்ணன். யாரோ கொடுத்த விலையில் வந்திருக்கிறோம் என்பதால் வருத்தப்படுவது ஆடம்பரம் என்று நினைத்து அழுகையை விழுங்கிவிடுகிறார்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து விடிகாலையில் எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. அம்மாவின் பயமெல்லாம் ராகிங்தான். 1996-இல் ஒரு மருத்துவ மாணவரை அவருடைய சீனியர் கொன்ற செய்தி எங்கள் பக்கத்து அம்மாக்களின் மனத்தைவிட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சீனியர் அக்கா ஒருவர் மெஸ்ஸில் எந்தக் கிழமை எதைச் சாப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

என் அறையில் இருந்த இன்னொரு பெண் சேலம் பக்கம். அவள் பள்ளியில் முதலிடம். எதிர் அறையில் இருந்தவள் அவள் மாவட்டத்திலேயே முதலிடம். வரிசையாக எல்லா அறையிலும் ஏதோ ஒரு பள்ளியின் முதல் மாணவி படுத்திருந்தாள். ஊரில் நம்மைப் பற்றி யோசிக்காமலே சொல்லக்கூடிய ஓர் அடையாளம் இருந்தது: நன்றாகப் படிக்கிற பிள்ளை. அது போய்விட்டால் நான் யார் என்று தெரியவில்லை. இது வீட்டைப் பிரிந்த வருத்தத்தைவிட ஆழமானது என்று இப்போது நினைக்கிறேன். வீடாவது தீபாவளிக்குத் திரும்பக் கிடைக்கும்.

வகுப்பில் ஆங்கிலம் வந்து மோதியது. கணிதப் பேராசிரியர் நல்லவர், நிதானமாகத்தான் நடத்தினார். ஆனால் பலகையில் அவர் எழுதிக்கொண்டிருந்தது எனக்கு ஏற்கெனவே தெரிந்த நேர்மாறு அணிதான் என்பது பிடிபடுவதற்குள் மணி அடித்துவிட்டது. தெரிந்த பாடத்தையே தெரியாதவளாக உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன்.

என்னைக் காப்பாற்றியது வரைகூடம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பு அங்கேதான். பலகையின் மூலையில் கோடு வரையும் கருவியான டிராஃப்டரைத் திருகி மாட்டி, தாளைக் கிளிப்பில் இழுத்துப் பிடித்து, மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சில், அழுத்தமான கோட்டுக்கு எச்பி என்று எடுத்து வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு அந்தத் தாளில் கோடு மட்டும்தான் உண்டு. முதல் பயிற்சியே நீள்வட்டம். குவியமும் இயக்குவரையும் மையத்தொலைத்தகவும் கொடுத்து வரையச் சொன்னார்கள். பிளஸ் டூவில் அதைத் தமிழில் கரைத்துக் குடித்திருந்தேன். புள்ளி புள்ளியாக வைத்துக் கையால் வளைவை இழுத்து முடித்தபோது, பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து எப்படி என்று கேட்டாள். அவள் சென்னைக்காரி, கான்வென்ட்டில் படித்தவள். நான் தமிழில் சொன்னேன். புரிந்ததா என்று பார்க்க அவள் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் அப்படித்தான் வந்தது, அவளுக்கு நீள்வட்டம் அப்படித்தான் வந்தது. அந்த செமஸ்டர் முழுக்க வரைபலகையின் இரு பக்கமும் நின்று மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தோம். இன்றுவரை அவள் என் நெருங்கிய தோழி.

அன்று சாயங்காலம் விடுதியின் ஒரு ரூபாய் நாணயத் தொலைபேசிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போட்டால் அக்காவைக் கூப்பிட்டு விடுவார்கள். அவள் வந்து சேர்வதற்குள் பாதி நாணயம் தீர்ந்துவிடும். நீள்வட்டம் வரைந்தேன் அக்கா என்றேன். "எனக்குத் தொடுகோடு வரைவதுதான் பிடிக்கும். வெளியே ஒரு புள்ளி வைத்து இரண்டு பக்கமும் இழுப்போமே" என்றாள். பத்தாம் வகுப்பு செய்முறை வடிவியல். அவள் கடைசியாகப் படித்த கணிதம் அது. என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிவதற்கான பீப் ஒலி வந்துவிட்டது. "சாப்பாடு எப்படி?" "நன்றாக இருக்கிறது அக்கா." "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" "எல்லாம் நன்றாக இருக்கிறது."

அந்த வரைகூடத்தின் மகிழ்ச்சியும் அந்தத் தொலைபேசியின் கனமும் ஒரே மாலையில் வந்தவை. எது அன்றைய நாளின் உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். ஒன்று வந்தால் மற்றது விலகிவிடும் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். விலகவில்லை. விலக வேண்டியதும் இல்லை என்பதை எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

அதே வளாகத்தில் எனக்கு வெகு காலம் முன்பே தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதில் ஒரு பெண் சேர்வதற்கு 1940 வரை ஆனது. அவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் சில மாதக் குழந்தை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர்தான் மகளைப் படிக்க வைக்கப் போராடினார். இடம் கிடைத்தது. ஆனால் விடுதியில் அவர் ஒருவர்தான் பெண். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதிகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். லலிதா தனியாக இருப்பதைப் பார்த்து, பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் கொடுக்க, சிவில் படிக்க லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் என்ற பெருமையைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். எனக்கு நினைவில் நின்றது அந்த விளம்பரம். ஒரு மாணவி தனிமையில் இருக்கிறாள் என்பதை 1940-களில் ஒரு கல்லூரி கவனித்து, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறது. "படிக்க இடம் கொடுத்தோமே, இன்னும் என்ன?" என்று கேட்கவில்லை. படிக்க வந்த பெண்ணுக்கு இடம் மட்டும் போதாது, துணையும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கல்விக்கூடம் இவ்வளவு செய்தால் போதும் என்று நான் மனதார நம்புகிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரி சேரும்போது எச்சரிக்கை செய்கிறவர்கள் எல்லாரும் போகும் வழியைப் பற்றித்தான் பேசுவார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் புகையிலை நெடி அடித்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. அந்த வாசனையை அதற்கு முன் ஒரு நாளும் நான் உணர்ந்ததே இல்லை. மூன்றே மாதத்தில் என் மூக்கு வெளியாளாகிவிட்டது. அது எனக்குத் தெரிந்த கணத்தில், வேறு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்தேன். அம்மா எனக்கு விருந்தாளிகளுக்கு எடுக்கிற எவர்சில்வர் தட்டில் சோறு போட்டாள். தண்ணீர் எடுக்க நான் எழுந்தபோது அக்கா முந்திக்கொண்டு எழுந்து எடுத்துவந்தாள். நான் படுக்கிற சுவரோரத்தில் இலைமூட்டை இருந்தது. அதை நகர்த்த மூவரும் அவசரப்பட்டார்கள். "இருக்கட்டும் அம்மா, நான் இங்கேயே படுத்துக்கொள்கிறேன்" என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்பால்தான் செய்தார்கள். ஆனால் என் வீட்டில் எனக்கு இடம் ஒதுக்கித் தருகிற நிலை வந்துவிட்டதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

என்னோடு பத்தாம் வகுப்பு படித்த தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பார்க்கப் போனேன். அவள் என்னிடம் "நீங்கள்" என்று தொடங்கிவிட்டு, சட்டென்று "நீ" என்று மாற்றிக்கொண்டாள். இருவருமே அதைக் கவனித்தோம், இருவருமே பேச்சை வேறு பக்கம் திருப்பினோம்.

விடுமுறை முடிந்து எழும்பூரில் இறங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது. வீட்டை விட்டு வந்ததில் நிம்மதி, அந்த நிம்மதியின் மேல் வெட்கம், வெட்கத்தோடு சேர்த்து அன்று மாலையே அம்மாவின் சமையலுக்கு ஏக்கம். சென்னையில் நான் ஊர்க்காரி, ஊரில் சென்னைக்காரி. அப்போது அதை ஒரு நோய் என்று நினைத்தேன். மனிதர் வளர்கிறபோது இப்படித்தான் இருக்கும் என்றும், உடைந்துபோகவில்லை என்றும் அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்த முதல் செமஸ்டர் எவ்வளவோ இலகுவாகியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்து வெகு நாள் கழித்து ஒரு பொங்கலுக்கு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகையிலை நெடியை, நாணயத் தொலைபேசியை, அவள் தொடுகோட்டைச் சொன்னபோது எனக்கு வார்த்தை வராமல் போனதை. அவள் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீ ஒரு தடவையாவது போனில் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றே சொன்னாய். எங்களை மறந்துவிட்டாய் என்று நானும் அம்மாவும் இங்கே இருந்து அழுதோம்."

நான் யாரைக் காப்பாற்ற அழுகையை அடக்கினேனோ அவர்களே அதற்காக அழுதிருக்கிறார்கள். இதற்குப் பிறகுதான் விடுதிப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காலம் நிறைய மாறியிருக்கிறது, நல்ல பக்கமாகவே மாறியிருக்கிறது. 2010-11 கல்வியாண்டில் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. எனக்கு அது கிடைக்கவில்லை, பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்த ஆயிரம் ரூபாயில் டிராஃப்டர் வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். வீட்டில் கேட்காமல் ஒரு பொருளை வாங்க முடிவது பதினேழு வயதுப் பெண்ணை எவ்வளவு நிமிர்த்தி உட்கார வைக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பணக் கவலை குறைந்திருக்கிறது. மற்றது குறையவில்லை. செல்போன் வந்ததால் இன்னும் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். வீடியோ அழைப்பில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, அழைப்பை முடித்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற பிள்ளைகளை இரவு ரவுண்டில் பார்க்கிறேன். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ முதலாமாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சி நடத்தச் சொல்கிறது. யோகா, நூலகச் சுற்று, பெரியவர்களின் உரை எல்லாம் இருக்கும். உரைகளில் பெரும்பாலும் வெற்றியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நான் அவர்களிடம் வேறொன்று கேட்கிறேன்: வீட்டில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், ஒரு தாளில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். தாத்தாவின் இருமல் என்று ஒருவர் எழுதியிருந்தார். போன வாரம் கன்று போட்ட மாடு என்று ஒருவர். அப்பா குடித்துவிட்டு வரும்போது அம்மாவுக்கும் அவருக்கும் நடுவே நிற்பது நான்தான், இப்போது யார் நிற்பார்கள் என்று எழுதிய தாளை என்னால் மறக்க முடியாது. பெயர் இல்லாத தாள். யார் என்று கண்டுபிடிக்க நான் முயலவில்லை. என் அறை எப்போதும் திறந்திருக்கும் என்று மட்டும் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னேன். செப்டம்பர் கடைசியில் அவளே வந்தாள்.

பெற்றோர்களிடமும் பேசுகிறேன். பிள்ளை போனில் அழுதால் "எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்தோம் தெரியுமா" என்று தொடங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு அது தெரியும். தெரிவதால்தான் இவ்வளவு நாள் அழாமல் இருந்தாள்.

இந்த வருடம் ஒரு தந்தை அழைத்தார். கோவில்பட்டிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். மகள் மூன்று இரவாக அழுகிறாள், இந்த வாரமே டிசி வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்டார். அவர் குரலும் சரியாக இல்லை.

"அண்ணாச்சி, டிசி எங்கேயும் போய்விடாது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வையுங்கள். ஆறு மணிக்குள் கொண்டுவந்து விட்டால் போதும். மார்க் பற்றி மட்டும் கேட்காதீர்கள்."

"அங்கே வைத்து அழுதால் என்ன மேடம் செய்வது?"

"அழட்டும். உங்களுக்கும் வந்தால் நீங்களும் அழுங்கள்."

வந்தார். தம்பியையும் கூட்டிவந்திருந்தார். ஐந்தேமுக்காலுக்குத் திரும்பினார்கள். மூவர் கண்ணும் சிவந்திருந்தது. அவள் கையில் பரோட்டா பார்சல் இருந்தது, அறைத்தோழிக்காம். அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நான்காவது வாரம் அவரே போன் செய்து, இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று பிள்ளை சொல்லிவிட்டாள், திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வாம், தோழிகளோடு உட்கார்ந்து படிக்கிறாளாம் என்றார். "நல்லதுதானே அண்ணாச்சி, சந்தோஷம்தானே?" என்று என் வாயிலும் அந்தக் கேள்வியே வந்துவிட்டது.

"சந்தோஷம்தான் மேடம்" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கடையை அடைத்துப் பழகிவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றார். நாங்கள் அதைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.